கதவுக்கு இந்தப் பக்கம்

என் வாயாடி மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும், அவசரப்பட்டு முன்னாலேயே வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டிருக்கிற என் பேரப்பயலும் நல்லபடியாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எங்கள் இருவருக்கும் அந்த நினைப்புதான். இங்கே அம்மா முழுச் சுகம், நான் முக்கால் சுகம். கூடத்துக் கட்டிலில் ஒரு வாரமாகப் பயணப் பெட்டி வாயைத் திறந்தபடி கிடக்கிறது, அம்மா ஒரு துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். பின்னிய குல்லாய்களே ஒரு பை நிறைய. இவ்வளவு சின்னத் தலைக்கு அளவு எப்படி எடுப்பது என்று தெரியாமல் ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டுப் பார்த்துப் பின்னுகிறாள், நம் வீட்டில் இப்போது பழங்கள் எல்லாம் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உன் அத்தை தினமும் போன் செய்து விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பாடம் எடுக்கிறாள், அவள் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை என்பது வேறு விஷயம். சரி, சுற்றி வளைத்தது போதும். அம்மா மட்டும்தான் வருகிறாள். நான் அவளோடு வரவில்லை.

பதறாதே, பெரிதாக ஒன்றுமில்லை, அக்கி. வலது பக்க இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு. முதலில் பெல்ட் உரசியது என்றுதான் நினைத்தேன், வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் அடுத்தவர் தோலைப் பார்த்தவனுக்குத் தன் இடுப்பு தெரியவில்லை பார். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி எரிச்சல் தாங்காமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், பார்த்ததும் மாத்திரை எழுதிக் கொடுத்து, “சட்டைக்குள்ளதானே சார் இருக்கு, நல்லா மூடிக்கிட்டுப் போயிட்டு வாங்க, குழந்தையைத் தொடாம இருந்தா போதும்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள், “தள்ளி நின்னு பாருங்களேன், உங்களை யாரு தூக்கச் சொன்னா” என்று ஒரே பிடிவாதம். தள்ளி நிற்பதாம்! யாரை ஏமாற்றுவது? அவன் முகத்தைச் சுளித்தால், மூக்கில் இருக்கிற டியூப் லேசாக நகர்ந்தால், உன் கண் கலங்கினால், இந்தக் கை சும்மா இருக்குமா? இருக்காதம்மா, எனக்கு என்னைத் தெரியும். கொப்புளத்து நீர் அவன்மேல் பட்டால் அது அவனுக்கு அம்மையாகப் போய்விடும். உனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே அம்மை வந்து போய்விட்டது, அம்மாவுக்கும் அப்படித்தான், உங்களுக்குப் பயமில்லை. அவன் முந்திக்கொண்டு வந்தவன், தாயிடமிருந்து வாங்க வேண்டிய தற்காப்பை முழுசாக வாங்காமலே புறப்பட்டு வந்துவிட்டான். அவன் விஷயத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே கூடாது. எனக்கு இங்கே தனி அறை, தனித் துண்டு, தனிப் போர்வை, அம்மா தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், ஜெயில் கைதியைவிடக் கொஞ்சம் மரியாதையாக நடத்துகிறாள். பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் சுத்தமான பிறகு கிடைக்கிற முதல் விமானத்தில் வந்துவிடுவேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும், கோபத்தைவிட அழுகைதான் வரும் என்றும் தெரியும், அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் நீ அழுதால் நான் உளறிக்கொட்டி “சரி சரி வந்துடறேன்” என்று சொல்லிவிடுவேன். போன வாரம் நீ குரலைத் தாழ்த்திச் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. பெரிய டாக்டர் செல்போனில் பேசிக்கொண்டே வந்தார், பேசி முடித்து அதைப் பாக்கெட்டில் போட்ட கையைக் கழுவாமலே பெட்டிக்குள் விட்டுக் குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நீ பார்த்துக்கொண்டே நின்றாய், வாய் வரவில்லை. அடுத்த பெட்டிக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி சேர்ந்து தனி அறைக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்றும் சொன்னாய். “அவங்களைப் பகைச்சுக்கிட்டா என் பிள்ளையை அப்புறம் யாருப்பா நல்லா பாப்பாங்க, நீங்க வந்துடுங்க, நீங்க பக்கத்துல இருந்தா நீங்க கேட்டுடுவீங்க” என்றாய். மார்க்கு குறைத்துப் போட்டதற்குத் தலைமை ஆசிரியையின் அறைக்கே போய்ச் சண்டை பிடித்தவள் நீ. என் பொண்ணுக்கு வாய் வரவில்லை என்றால் எவ்வளவு பயந்து போயிருக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது.

அறைக்குள் அடைந்து கிடக்கிறவனுக்கு வேறென்ன வேலை, பழசெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. நான் வேலை பார்த்த சிசு வார்டை நீ கண்ணாடிக்கு வெளியேயிருந்துதான் பார்த்திருக்கிறாய். ஆம்பளை நர்ஸா, அதுவும் பச்சைக் குழந்தைக்கா என்று வாயைப் பிளந்தவர்கள் எத்தனை பேர்! உள்ளே எப்போதும் ஒரு இதமான சூடு இருக்கும், கதவுக்குப் பக்கத்தில் முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாய், அதன் கீழே நகம், விரலிடுக்கு, கட்டை விரல், மணிக்கட்டு என்று தேய்த்துத் தேய்த்து மழையில்லாத நாளிலும் என் கை ஊறிப்போய்த்தான் இருக்கும். வேலை முடிந்து வீட்டு வாசலில் தலை காட்டினால் நீ ஓடி வருவாய், நான் போலீஸ் பிடித்த ஆள் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போவேன், நீ அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு நீயும் கையைத் தூக்கியபடி பின்னாலேயே வருவாய். அம்மாவுக்குத்தான் எரிச்சல், “பெத்த பொண்ணைத் தொடறதுக்கு இவ்வளவு கூத்தா” என்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு “கை கழுவற வேலை” என்று சொல்லிவிட்டு வந்தாயே, வகுப்பே சிரித்ததாம், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். எனக்கென்னவோ என் வேலையை அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

எங்கள் பெரிய சிஸ்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், மிலிட்டரி என்று பெயர் வைத்திருந்தோமே அவர்தான். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து நிற்போம். நீ பிறப்பதற்கு முன்னால் வார்டில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள், குழந்தைக்கு ரத்தம் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, நூல் மாதிரி நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். அவளுக்கு விரலில் நகச்சுற்று வந்தது. லீவு கேட்டால் திட்டு விழும் என்று பிளாஸ்திரி ஒட்டி மேலே கையுறையை மாட்டிக்கொண்டு வேலை செய்தாள். அடுத்தடுத்த பெட்டிகளில் குழந்தைகளுக்குச் சீழ்க் கொப்புளம் வர ஆரம்பித்தது. ஒன்று பிழைக்கவில்லை. அவள் கெட்டவள் இல்லையம்மா, பயந்தவள், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மிலிட்டரி எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்து, “இவ பயந்துதானே மறைச்சா, இவளைப் பயமுறுத்தி வெச்சது யாரு, நான்தானே” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கொஞ்ச நாள் கழித்து அவருக்கே தொண்டை கட்டியது. வார்டுக் கதவுக்கு வெளியே வந்து நின்று, “எனக்குத் தொண்டை சரியில்ல, நான் இன்னைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அதிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. சளியோ, வயிற்றுப்போக்கோ, விரலில் ஒரு கீறலோ, எதுவானாலும் சம்பந்தப்பட்டவரே வந்து சொல்லிவிட வேண்டும், ஏன் எதற்கு என்று யாரும் குடையக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்குப் போக உடம்பு கேட்டால்தான் வீடு, இல்லையென்றால் கதவுக்கு இந்தப் பக்கம் வேலை இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நிற்கிற பெற்றோரோடு நிற்கிற வேலை. உங்க பிள்ளை இன்னைக்கு இவ்வளவு பால் குடிச்சான், கொட்டாவி விட்டான், அந்த மிஷின் சத்தம் போடறது அவனுக்கு இல்ல பக்கத்துப் பெட்டிக்கு, என்று சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். உள்ளே வேலை செய்வதைவிட அதில்தான் எனக்கு அதிகம் களைப்பு, அதிகம் நிறைவும். இப்போது இந்த மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேனே, அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். கேட்டால் பகைத்துக்கொள்வார்களா? நான் கேள்வி கேட்கப்படுகிற பக்கத்தில் நின்றவன், என்னிடம் தெரிந்துகொள். பஸ் கண்டக்டர் ஒருத்தி, அவள் பிள்ளை எங்கள் வார்டில் ரொம்ப நாள் கிடந்தான். டிக்கெட் டிக்கெட் என்று கேட்டுப் பழகிய தொண்டை அல்லவா, பெட்டிப் பக்கம் யார் வந்தாலும் “கை, கை, கை” என்பாள். முதல் தடவை என்னிடம் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, நமக்கே பாடமா என்று. ஆனால் நான் அப்போதுதான் மேசை போனை எடுத்துப் பேசிவிட்டு வந்திருந்தேன், திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வந்தேன். அதற்காக அவள் பிள்ளையை யாராவது ஒரு பிடி குறைத்துப் பார்த்தோமா? அந்தப் பெட்டிக்குப் போகும்போது எல்லோருமே கூடுதல் கவனமாகப் போனோம், அதுதான் நடந்தது. ஊருக்குப் போகும்போது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவள் பஸ்ஸில் நான் ஏறினால் சிரிப்பாள், நலம் விசாரிப்பாள், டிக்கெட்டை மட்டும் விடமாட்டாள்.

டாக்டர்களும் அப்படித்தான். எங்களிடம் ஒருவர் இருந்தார், தங்கமான மனுஷர், கல்யாண மோதிரத்தை மட்டும் கழற்றவே மாட்டார், மோதிரத்தின் அடியில்தானே அழுக்கு தங்கும். மிலிட்டரி குழாயடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, “எங்க மோதிரமெல்லாம் இதுலதான் இருக்கு டாக்டர், உங்களோடதும் துணைக்கு இருக்கட்டும்” என்றார். அவர் சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டார், போட்டதை மறந்து வீட்டுக்கும் போய்விட்டார், மறுநாள் அவர் மனைவியே வார்டுக்கு வந்துவிட்டார் மோதிரம் எங்கே என்று கேட்டுக்கொண்டு! நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. உங்கள் பெரிய டாக்டரும் கெட்டவராக இருக்கமாட்டார், ஆயிரம் யோசனையோடு ஓடுகிறவர், மறந்திருப்பார். மறந்தவருக்கு ஞாபகப்படுத்துவது சண்டை இல்லை. அவர் வரும்போதே எழுந்து நில், சிரித்துக்கொண்டு, “நீங்க கை கழுவிட்டு வாங்க டாக்டர், நான் அதுக்குள்ள இவனை எழுப்பி வெக்கறேன்” என்று சொல்லிப் பார். நர்ஸ் பெண்களிடமும் அதேதான், முதல் நாளே சொல்லிவிடு, “நான் மறந்தா நீங்க சொல்லுங்க, நீங்க மறந்தா நான் சொல்றேன்” என்று. உன் போனையும் பெட்டிப் பக்கம் கொண்டு போகாதே, எனக்கு வீடியோவில் காட்டுகிறேன் என்று அதைத்தான் நீ முதலில் செய்வாய். நான் அவனைப் பார்க்காவிட்டால் பரவாயில்லை.

பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், அது பொய். எத்தனை பேர் பெற்ற பிள்ளைகளை இந்த உள்ளங்கையில் ஏந்தியிருக்கிறேன், என் பேரன் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது அவனை ஏந்த எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் வருவதற்குள் அவன் கொழுகொழுவென்று ஆகிவிட வேண்டும், அதுதான் என் வேண்டுதல், ஆனாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. நேற்று அம்மா இல்லாத நேரம் அந்தக் குல்லாய் ஒன்றை எடுக்கப் போய், பிறகு தொடாமலே திரும்பி வந்துவிட்டேன். நான் வந்திருந்தால் அங்கே என்ன செய்திருப்பேன் தெரியுமா, ஒன்றுமில்லை, நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அதை இனி நீதான் செய்ய வேண்டும். அவனுக்கு வாய் இல்லை, உன் வாய்தான் அவனுக்கும்.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் பெட்டிப் பக்கத்திலேயே பட்டினி கிடக்காதே, பால் வற்றிப் போகும். என் கண்ணுக்கும், என் கண்ணின் கண்ணுக்கும் ஒரு குறையும் வராது, தீர்க்காயுசாக இருங்கள், நோய் நொடி கிட்டே அண்டாமல் இருங்கள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையின் நண்பர் நாளைக்கே கொண்டு வருகிறார், அம்மா அடுத்த வாரம்தான் வருவாள், இதை எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அவளைத் தெரியுமே, தெருவில் போகிற குழந்தையையே வாங்கிக் கொஞ்சாமல் விடமாட்டாள், சொந்தப் பேரன் என்றால் தலைகால் புரியாது. விமானத்துக் கைப்பிடி, டாக்சிக் கதவு, லிஃப்ட் பொத்தான் எல்லாவற்றையும் தொட்ட கையோடு பெட்டியைப் பார்த்து ஓடி வருவாள். குறுக்கே போய் நில். “முதல்ல கை கழுவிட்டு வாம்மா” என்று சொல். மூக்குக்கு மேலே கோபம் வரும் அவளுக்கு, “உன்னைப் பெத்தவடி நான்” என்பாள், எல்லோர் முன்னாலும் அழுதாலும் அழுவாள். நகராதே. அவளைத் தடுத்து நிறுத்திவிட்டாய் என்றால் அந்தப் பெரிய டாக்டரெல்லாம் உனக்கு ஒரு ஆளே இல்லை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா