சவரிநாதனுக்கு எழுதிய தாள்

ஜூன் 8, ஞாயிறு
அரியமங்கலத்தில் ஒத்திகை. ஞாயிறன்று நவநீதன் பட்டறையில் லேத் ஓடாது, அதனால் எங்கள் ஜாஸ் அங்கே. நான் பியானோ, பரக்கத் அலி பாய் பேஸ் கிட்டார், நவநீதன் டிரம்ஸ். பதினோரு வருஷமாக மூன்றே பேர்.

22ஆம் தேதி கச்சேரிக்கு இவர்கள் இருவரும் மணப்பாறையிலிருந்து சவரிநாதன் என்று ஒரு சாக்ஸபோன்காரரை அழைத்திருக்கிறார்களாம். கல்யாண பேண்டு செட்டில் வாசிப்பவர். “தனி வாசிப்பெல்லாம் அவர் பாத்துக்குவாருக்கா” என்றான் நவநீதன். தனி வாசிப்பு என்னுடையது. பிப்ரவரியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடது கையில் இரண்டு விரல் மந்தம், அவ்வளவுதானே? அதற்குள் ஆள் பார்த்துவிட்டார்களா?

ஒன்றும் கேட்காமல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டேன்.

ஜூன் 11
அவருக்கான இசைத்தாளை எழுதி முடித்தேன். ஒரு குறை சொல்ல முடியாது.

ஜூன் 15, ஞாயிறு
முதல் பாட்டிலேயே அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நிறுத்தினேன். “தாளைப் பாத்து வாசிங்க சார்” என்றேன், எல்லார் முன்னாலும். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி வாசித்தார். அத்தனையும் பொருந்தியது. கொண்டுவந்த முறுக்கை எனக்குத்தான் முதலில் நீட்டினார்.

பஸ்ஸில்தான் உறைத்தது. அவர் கருவியில் ‘ஸி’ சுரம் ஊதினால் பியானோவின் ‘ஈ ஃபிளாட்’ கேட்கும். அவருக்கு மாற்றி எழுத வேண்டும். நான் பியானோவுக்கு எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன்! தாளில் இருந்ததைத்தான் முதலில் வாசித்திருக்கிறார். இரண்டாம் முறை ஒவ்வொரு சுரத்தையும் மனசுக்குள்ளேயே மாற்றி... ஒரு வார்த்தை சொல்லவில்லையே மனுஷர். அவசரக்குடுக்கை நான்.

ஜூன் 16
போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். பேண்டு செட்டில் தாளே கிடையாது, எழுதிக் கொடுத்ததே பெரிசு என்று சிரித்தார். அந்தத் தைரியத்தில் தனி வாசிப்பைப் பற்றியும் கேட்டுவிட்டேன்.

“முழுசா நானே வாசிக்க மாட்டேன்னுட்டேம்மா. ஊர்வலத்துல நடந்துகிட்டே ஊதணும்ல, ரெண்டு பேரு மாத்தி மாத்தித்தான் வாசிப்போம். நாலு சுத்து நான், நாலு சுத்து நீங்க. என் மூச்சுக்கும் ஓய்வு, உங்க கைக்கும் ஓய்வு.”

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு பாயைக் கூப்பிட்டேன். நான் கையை ஒரேயடியாகக் கெடுத்துக்கொள்வேனோ என்று இருவருக்கும் பயமாம். “கேட்டா கோவிச்சுக்குவீங்க, அதான் கேக்கல” என்றார். கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு
தில்லைநகரில் கச்சேரி. அவர் நாலு, நான் நாலு. மூன்றாவது முறை என் பங்கு வந்தபோது இடது கை விரல் மடங்கிப் போய் நின்றது, நீட்ட வரவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

யாராவது நிரப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நிரப்பவில்லை. பேஸும் டிரம்ஸும் அடக்கமாகத் தாளத்தை மட்டும் பிடித்தன. சவரிநாதன் சாக்ஸபோனை இறக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றார். நாலு சுற்றும் முடிந்த பிறகுதான் ஊதினார். அடுத்த என் பங்கை வலது கையால் மட்டும் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன்.

என் இடத்தை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மூன்று பேருக்கும் நான் அப்படி என்ன நல்லது செய்துவிட்டேன்?

ஜூன் 24
ஒருவழியாகக் கையை டாக்டரிடம் காட்டினேன். ஆறு வாரம் பியானோவைத் தொடக் கூடாதாம். நவநீதனுக்குப் போன் செய்து, அதுவரை நீங்கள் மூன்று பேரும் வாசியுங்கள் என்று நானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசிப்பதைக் கேட்க அரியமங்கலம் போகிறேன்.