திறக்காதவர்கள்

ஜனவரி 7, செவ்வாய்

மற்றவர்களுக்காக மின்னஞ்சல் எழுதி அனுப்புவது எங்கள் ஆபீசின் தொழில். செருப்புக் கடைக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் செய்ததையே இனி உணவு வங்கிக்கும் செய்ய வேண்டுமாம். இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பெட்டி கொடுக்கும் அவர்கள் திங்கள்தோறும் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள்: வியாழக்கிழமைப் பெட்டியில் என்ன இருக்கும், எத்தனை மணிக்கு வரலாம். பட்டியலில் பாதிப் பேர் பல மாதங்களாக அதைத் திறக்கவே இல்லை.

"தூங்கறவங்களை எழுப்பு. எழுந்திருக்காதவங்களைத் தூக்கு" என்றான் டர்க். என் முதலாளி. டுலூத் நகரத்துக் குளிரிலும் அரைக்கால்சட்டை.

"சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கறவங்ககிட்டயுமா இந்த விளையாட்டு?"

"பிரிட்டா, பட்டியல்னா பட்டியல்தான்."

முகத்தைச் சுளித்தேன். சுளித்துவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். என் கோபமெல்லாம் அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

அனுப்பியாயிற்று. தலைப்பு: "நமக்குள் எல்லாம் முடிந்துவிட்டதா?" கீழே கண்ணீர் விடும் காரட் ஒன்றின் படம். "நீங்கள் எங்களைப் பார்த்தே வெகுநாள் ஆகிறது. இன்னும் நாங்கள் வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்குள் இந்தப் பொத்தானை அழுத்துங்கள். இல்லையென்றால் புரிந்துகொள்வோம்." செருப்புக் கடைக்கு எழுதியதில் செருப்பு இருந்த இடத்தில் காரட்டை வைத்தேன்.

உணவு வங்கியை நடத்தும் ஜானெல் சிரித்தாள். "ரொம்ப அழகா இருக்கு!" எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

கொஞ்சம் பேர் அழுத்தினார்கள். மற்றவர்களின் பெயர்களை மதியம் நீக்கினேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

கடிதத்தைத் திறப்பவர்களின் விகிதம் இரண்டு மடங்காகிவிட்டதாம். டர்க் டோனட் வாங்கி வந்தான். திறக்காதவர்களை வெளியே தள்ளிவிட்டு மிச்சம் இருப்பவர்களை எண்ணினால் ஏறாமல் என்ன செய்யும்? இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். டோனட்டைத்தான் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 27, திங்கள்

உணவு வங்கி நடக்கும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. இனி அது மலைமேல் இருக்கும் பழைய கம்பளக் கடைக்குப் போகிறது. அறிவிப்பை எல்லோருக்கும் அனுப்பினேன்.

எல்லோருக்கும் என்றா எழுதினேன்? பட்டியலில் மிஞ்சியவர்களுக்கு.

ஜனவரி 30, வியாழன்

ஜானெல் பதறிப்போய் போன் செய்தாள். "பழைய இடத்துல ஆளுங்க நிக்கறாங்களாம். நீ பக்கத்துலதானே இருக்க, போய்ச் சொல்றியா?"

போனேன். ஏரிக்காற்று முகத்தை அறுத்தது. இடம் மாறிய செய்தியை முன்கதவில் ஒட்டியிருந்தார்கள். பெட்டி வாங்க வருகிறவர்கள் என்றைக்கு முன்கதவால் வந்தார்கள்? பக்கத்துச் சந்தில், பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசை. ஒருவரும் கலையவில்லை. கொஞ்ச நேரத்தில் திறப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

முதலில் நின்றவர் ஓர் அம்மாள், ஆர்லீன் மாக்கி. பெட்டியை வைத்து இழுத்துப்போக, குழந்தைகளின் பனிச்சறுக்குப் பலகை ஒன்றைக் கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"இடம் மாறிடுச்சு. மெயில் அனுப்பினோமே" என்றேன்.

"எந்த மெயிலு? வாராவாரம் ஒரு வரி விடாம படிப்பேன். இப்ப ரெண்டு வாரமா வரலை."

பின்னால் நின்ற ஆள், "நம்மளை விவாகரத்து பண்ணிட்டாங்க ஆர்லீன். 'நமக்குள்ள முடிஞ்சுபோச்சா'ன்னு கேட்டாங்கல்ல? வீடு, கார் எல்லாம் அவங்களுக்குத்தானாம்" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேன்!

"அதைப் படிச்சீங்களா? அப்புறம் ஏன் பட்டனை அழுத்தலை?" என்று ஆர்லீனிடம் கேட்டேன்.

"லைப்ரரியில கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்தப்பவே சொன்னாங்கம்மா. இப்பவே அழுத்து, இல்லைன்னா போச்சுன்னு எவனாவது எழுதினா அவன் திருடன், தொடாதேன்னு. அதான் பதில் எழுதிப் போட்டேன். நிறுத்திடாதீங்கன்னு. யாரும்மா இந்த வேலையெல்லாம் பாக்கறது?"

"கம்ப்யூட்டர் தப்பு" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு நான் என்ன பண்ணேன்?"

புது இடத்தைச் சொன்னேன். அந்த ஏற்றத்தை அண்ணாந்து பார்த்தார். பனி இறுகிக் கிடந்தது. "இன்னிக்கு முடியாது" என்று சொல்லி, காலிப் பலகையை இழுத்துக்கொண்டு வீட்டுப்பக்கம் திரும்பினார். நான் ஆபீசுக்குத் திரும்பினேன். உள்ளே கதகதப்பாக இருந்தது.

ஜனவரி 31, வெள்ளி

ஒருவர் கடிதத்தைத் திறந்தாரா என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னப் படம் ஒன்றை ஒளித்துவைப்போம். படம் இறங்கினால் திறந்தார் என்று கணக்கு. டேட்டா தீர்ந்துவிடுமே என்று போனில் படங்களை நிறுத்திவைத்திருப்பவர் எத்தனை முறை படித்தாலும் எங்களுக்கு அவர் தூங்குகிறவர். யார் டேட்டாவுக்குப் பயப்படுவார்கள்? டர்க்கா?

எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரியும்.

பதில்கள் போய் விழும் மின்னஞ்சல் பெட்டியை இன்றுதான் பார்த்தேன். அதை யாரும் பார்ப்பதில்லை, அது வழக்கமே இல்லை.

"நான் இங்கேதான் இருக்கேன்."

"நமக்குள்ள எதுவும் முடியலை. தயவுசெஞ்சு முடிச்சுடாதீங்க."

"ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? போன வாரம் ரெண்டு ரொட்டி எடுத்தது நான்தான். ஒண்ணு அக்காவுக்கு."

இதற்கு மேல் படிக்க முடியாமல் கழிவறையில் போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்து மிச்சத்தையும் படித்தேன். ஆர்லீனுடையதும் இருந்தது. திறக்காதவர்கள் அவர்களா?

பிப்ரவரி 3, திங்கள்

"எல்லாரையும் திரும்பச் சேர்க்கணும்" என்றேன்.

"விகிதம் விழுந்துடும். அடுத்த வாரம் வியாபாரிகள் விருந்துல நீதானே இதைப் பத்திப் பேசப்போற?"

"குளிர்ல நின்னாங்க டர்க்."

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அழுத்தச் சொன்னோமா இல்லையா?"

அவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்தச் சந்தில் ஆர்லீனிடம் அதையே கேட்டவள் நான்.

அவன் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் ஜானெலிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "சேர்த்துடு" என்றாள். பெயர்களைத் திரும்பச் சேர்த்து ஒரு கடிதம் அனுப்பினேன். படம் இல்லை, பொத்தான் இல்லை. புது இடம், நேரம், எந்தப் பேருந்து. கடைசியில்: "போன மாதக் கடிதத்தை எழுதியதும் உங்கள் பெயரை நீக்கியதும் நான். கம்ப்யூட்டர் இல்லை. பிரிட்டா லிண்ட்குவிஸ்ட்." கீழே என் போன் எண்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலை போயிற்று.

பிப்ரவரி 5, புதன்

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவர் திட்டினார். ஒருவர் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் ஆர்லீன்.

"சந்துல வந்து நின்னியே, நீலத் தொப்பி, அது நீதானா?"

"ஆமா."

"பேரை எடுத்ததைக்கூட விட்டுடலாம். தெரியாம எடுத்திருப்ப. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே பொய் சொன்னியேம்மா."

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

கம்பளக் கடையில் பெட்டி எடுத்துக் கொடுக்கப் போனேன். சந்தில் நின்றவர்களில் நிறையப் பேர் வந்தார்கள். விவாகரத்து என்று சொன்ன ஆள், "சேந்துட்டோமா?" என்று கண்ணடித்தார். ஆர்லீன் வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வரவில்லை. இவ்வளவு நாளாக என்ன சாப்பிடுகிறார்?

பிப்ரவரி 20, வியாழன்

ஆர்லீன் வந்தார். பேருந்தில், பலகையோடு.

அப்போது என் மேஜையில் ஆளே இல்லை. ஜானெலின் மேஜைக்கு வரிசை வாசல்வரை நின்றது. ஆர்லீன் அதன் கடைசியில் போய் நின்றார்.

"அங்க காலியாத்தானே இருக்கு" என்று ஜானெல் என் பக்கம் கை காட்டினாள்.

"இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

பெட்டியை வாங்கினார். கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நான் உருளைக்கிழங்கில் அழுகியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன்.