கும்மட்டத்தின் கீழே நீங்கள் கேட்டது

மாதம் பிறந்ததென்று இன்று காலையில் காலண்டர் தாளைத் திருப்பினால், பீஜப்பூர் கோல்கும்பாஸ் படம். உங்களிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் போய் நான்கு வருடமாகிறது. கால் இன்னும் உங்கள் நாற்காலிப் பக்கமாகத்தான் திரும்புகிறது.

அறுபதுகளில், திருப்பூரில் நம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு நிட்டிங் மிஷின்கள் ஓடின. அவற்றின் நடுவில் நின்று நின்று உங்கள் காது பாதி போயிருந்தது. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீதான் வாய்க்குள்ளயே பேசறே" என்பீர்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும். அத்தை, கொழுந்தனார்கள், மிஷின்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அதனாலேயே பலவற்றை நான் சொல்லாமல் விட்டேன்.

நம் பனியன் வாங்கும் பீஜப்பூர்க் கடைக்காரரைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனீர்கள். அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை தங்கி, இரண்டும் கலைந்திருந்தன. வீடே அறிந்து, வீடே துக்கம் விசாரித்தது. இந்தத் தடவை உங்களுக்கு மட்டும் சொல்ல நினைத்தேன். ரயிலில் கூட்டம். தங்கிய இடமோ கடைக்காரரின் வீடு.

மறுநாள் முதலில் ஜும்மா மசூதிக்குப் போனோம். வெள்ளை வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன. தரையில், தொழுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் வரைந்திருந்தது. மிதித்துவிடக் கூடாதென்று நீங்கள் சுவரோரமாகவே நடந்தீர்கள்.

பிறகு கோல்கும்பாஸ். சுல்தானின் சமாதி. அவ்வளவு பெரிய கூடத்தில் நடுவே ஒரு தூண்கூட இல்லை. மேலே வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக் கடந்து கும்மட்டத்தைத் தாங்குவதைக் காட்டினீர்கள். "பாரு புள்ள, நம்ம துணியில கண்ணிய கண்ணி புடிச்சிருக்கற மாதிரியே இருக்குது. அந்தக் காலத்து ஆளுகளுக்கு என்ன மூளைங்கறே" என்றீர்கள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூலைக் கோபுரத்தின் குறுகலான படிகளில் ஏழு மாடி. நான் நின்று நின்று ஏறினேன். மேலே, கும்மட்டத்தின் உட்புறத்தைச் சுற்றி ஓடும் மாடத்துக்கு வந்தோம். காவல்காரர் உங்களை எதிர்ப்பக்கம் அனுப்பி, சுவரில் காதை வைக்கச் சைகை காட்டினார். என்னைச் சுவரோடு மெதுவாகப் பேசச் சொன்னார்; அது சுவர்வழியே எதிர்ப்பக்கம் போய்க் கேட்கும் என்று கையால் காட்டினார். அந்தத் தூரத்தில் நீங்கள் விரலளவுதான் தெரிந்தீர்கள்.

உங்களுக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

"மாமா, எனக்கு ரெண்டு மாசமுங்க. பயமா இருக்குதுங்க."

சட்டென்று நிமிர்ந்தீர்கள். மெதுவாகப் பேச உங்களுக்கு எப்போது வந்தது?

"ஏம் புள்ள, இதோடயா ஏழு மாடி ஏறுனே?"

ஏறுனே, ஏறுனே என்று கும்மட்டம் திரும்பத் திரும்பக் கேட்டது. தமிழ் தெரியாத காவல்காரரே சிரித்துவிட்டார். மாடத்தைச் சுற்றி ஓடி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

"உங்குரலு இப்பிடி இருக்கும்ங்கறதே மறந்துபோச்சு. எனக்குத்தான் காது கேக்கறதில்லையாட்ட இருக்குது" என்றீர்கள்.

இறங்கும்போது படிக்குப் படி எனக்கு முன்னால் நின்று கை கொடுத்தீர்கள்.

ஊருக்கே கேட்கப் பேசும் மனிதர், ஐந்தாம் மாதம் வரை அத்தையிடம்கூட மூச்சு விடவில்லை. அதன் பிறகு நான் பேச வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு, எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்து காதை என் பக்கம் கொடுப்பீர்கள். கொழுந்தனார்கள் கேலி பேசினார்கள். நீங்கள் கண்டுகொள்ளவில்லை.

மகள் பிறந்தாள். உங்கள் தொண்டை அவளுக்கு.

"போன்ல கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா" என்று இப்போதெல்லாம் குறைப்படுகிறாள். முயன்றுதான் பார்க்கிறேன். இத்தனை வருடம் குனிந்து கேட்டவரோடு வாழ்ந்துவிட்டேன். உரக்கப் பேச மறந்துபோயிற்று, மாமா.