உயிரோடிருந்தவரை அழைத்த வகுப்பு

அனுப்புநர்:
ஆவிகளோடு பேசக் கற்பிக்கும் ஆசிரியை
(ஊரார் வாயில் சூனியக்காரி, எனக்கு ஆட்சேபம் இல்லை),
சந்தைக் கட்டட மாடி அறை. தற்சமயம் அதன் படிக்கட்டு.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: வகுப்பறைக்குப் போட்ட பூட்டைத் திறக்கக் கோருதலும், அதற்காகக் கேட்கப்படும் கையெழுத்தை மறுத்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறையில் சனிக்கிழமை மாலைகளில், தங்கள் அலுவலக அனுமதியோடு, பொதுமக்களுக்கு வகுப்பு நடத்தி வருகிறேன். தையல்காரர், பள்ளி ஆசிரியை, ஆட்டோ ஓட்டுநர் எனப் பலரும் வருகிறார்கள். தங்கள் அலுவலகத் தட்டச்சர் ஒருவரும் உண்டு, காட்டிக்கொடுக்க மாட்டேன். மண்டை ஓடு, புகை எதுவும் கிடையாது. ஒரு காலி நாற்காலி மட்டும். அழைப்பவர் அதன் எதிரே உட்கார்ந்து, இறந்தவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வார். அவர் முடிக்கும்வரை நான் உட்பட யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆவி வந்ததா என்று கேட்டால், வந்தது என்றே சொல்வேன். அது என் நம்பிக்கை.

2. சலவைக்கடையில் துணி தேய்க்கும் பெண் ஒருத்தி என் மாணவி. அவள் கணவர் லாரி ஓட்டுநர். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுப் போனவர். இறந்தவரை மட்டுமே அழைக்க வேண்டும், அதற்கு ஓர் உறவினர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் விதி. கணவரின் அண்ணனே வந்து, "அவன் போய்ச் சேந்துட்டாம்மா, இனிமே தேடாத" என்றார். கூடப் பிறந்தவர் சொன்ன பிறகு எங்களுக்கு என்ன சந்தேகம் வரும்?

3. நாற்காலியைப் பார்த்து அவள் முதலில் கேட்டது: "கொழந்தைக்கு மருந்து வாங்கப் போனீங்களே, வாங்கியாச்சா?" அதன் பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. காய்ச்சலில் கொதித்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தது, மகள் அப்பாவின் முகத்தையே மறந்துபோனது, எல்லாம் சொன்னாள். வகுப்பே அழுதது. நானும் அழுதேன். அன்றுதான் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டதாக அடுத்த வாரம் வந்து சொன்னாள்.

4. இந்நிலையில் மேற்படி ஆவி, முழுக்கைச் சட்டையும் தொப்பையுமாகப் பேருந்தில் வந்து இறங்கியது. அண்ணனின் சாட்சியை நம்பி, உயிரோடிருந்தவரை அழைத்தது எங்கள் பிழைதான். ஆனால் தாம் உயிரோடிருக்கும் செய்தியை அவர்தான் மனைவிக்குச் சொல்லவில்லை. மனைவி பேசியது ஊரெல்லாம் பரவி, தேநீர்க் கடையில் தலைகாட்ட முடியவில்லை என்று தங்களிடம் புகார் கொடுத்தார். அறை பூட்டப்பட்டது.

5. பிறகு தங்கள் ஆய்வாளர் ஒரு கையில் சாவியும் மறு கையில் தட்டச்சு செய்த தாளுமாக வந்தார். அன்று பேசியது அந்தப் பெண் அல்ல, அவள்மேல் ஏறிய கெட்ட ஆவி, சொன்னதெல்லாம் பொய் என்று அதில் இருந்தது. "ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டுட்டு சாவிய வாங்கிக்குங்க" என்றார்.

ஐயா, ஆவி உண்டு என்று நான் சொன்னபோதெல்லாம் சிரித்த அலுவலகம், இன்று ஆவியின் பெயரில் தாள் அடித்து அனுப்புகிறது. என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது. ஆனாலும் போட மாட்டேன். அந்தத் தாள் கிடைத்தால், "உங்கம்மாவுக்குப் பேய் புடிச்சிருந்துச்சு" என்று மகளிடம் காட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைவது அந்தக் கணவரின் திட்டம். தெருவிலேயே சொல்லித் திரிகிறார். அன்று பேசியது அவள். ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. அதை எந்த ஆவிக்கும் எழுதிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை, பூட்டு துருப்பிடித்தாலும் சரி.

6. ஆகவே, நிபந்தனை ஏதுமின்றி அறையைத் திறந்துவிடவும், புகாரைத் தாங்களே நேரில் விசாரிக்கவும் வேண்டுகிறேன். அவள் வரத் தயார். "அவரு மூஞ்சியப் பாத்தே சொல்றேன்" என்கிறாள். அவரை எதிரில் உட்காரவைத்து, அவள் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசாமலும், அவர் எழுந்து போய்விடாமலும் தாங்கள் பார்த்துக்கொண்டால் போதும். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

இடம்: சந்தை மாடிப்படி
நாள்: பூட்டு விழுந்த மறு திங்கட்கிழமை

இந்தத் தாளில் மட்டும் மனமுவந்து கையெழுத்திடும்,
வகுப்பு ஆசிரியை
(ஒப்பம்)