புள்ளி மீனும் என் வயிற்றெரிச்சலும்

புதுச்சேரியில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். அங்கே ஒரு கடல் மீன் தொட்டி. உள்ளே நம் கழிமுகத்துப் புள்ளி மீன்கள் நான்கு. வேலைக்காரப் பெண் வந்து, வற்றியிருந்த தொட்டியில் ஒரு சொம்பு குடிதண்ணீர் ஊற்றினாள். உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மரக்காணத்து உப்பளத்தில் நீயும் நானும் உப்பு வாருவோம். வேலை முடிந்ததும் கழிமுகத்தில் கொசுவலை போட்டு மீன்குஞ்சு பிடித்து, அவரவர் வீட்டுத் தொட்டியில் விட்டு வைப்போம். சனிக்கிழமை சென்னையிலிருந்து அலங்கார மீன் வியாபாரி வருவார். என் மீன்கள் அதற்குள் பாதி செத்திருக்கும். மீதியை, வாயைப் பிளந்து கிடந்தாலும், அவர் தலையில் கட்டிவிடுவேன். நீயோ தீனி எடுக்கும் மீனை மட்டும் கொடுப்பாய். மற்றதைக் குடத்தில் சுமந்துபோய்க் கழிமுகத்திலேயே விடுவாய்.

"துன்னாதத வித்தா வண்டியிலயே செத்துப்பூடும்டி. அதுக்கா புடிச்சோம்?" என்பாய்.

பெரிய தர்மப்பிரபு என்று முணுமுணுத்துக்கொள்வேன்.

ஒருநாள் வியாபாரி, "இனிமே அவங்க மீனு மட்டும் போதும்மா" என்றார். என்னால் தாங்க முடியவில்லை.

"அவ மருந்து போட்டு மயக்கிப் புடிக்கிறா சார்" என்று சொல்லிவிட்டேன். மருந்து போட்டுப் பிடித்த மீன் கடைக்குப் போனதும் சாகும் என்ற பயம் அவருக்கு. அதோடு உன் வாசலை மிதிக்கவில்லை. மகளை நர்சிங் படிக்க அனுப்ப அந்த மீன் காசைத்தான் நீ நம்பியிருந்தாய். அது எனக்குத் தெரியும்.

மறுவாரம் என் வீட்டுக்கு வந்தாய். சண்டைக்குத்தான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். நீ என் தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாய்.

"வத்த வத்தக் கடல் தண்ணியே ஊத்துறியா? உப்பளத்துக்காரிதானடி நீ? தண்ணிதான் ஆவியா போவும், உப்பு எங்க போவும்? நல்ல தண்ணி ஊத்து."

வாசலில் நின்று திரும்பினாய். "அவருகிட்ட நீ இன்னா சொன்னன்னு தெரியும். உனக்காவ சொல்லல. அதுங்க இன்னா பாவம் பண்ணிச்சு?"

அதன்பின் என் மீன்கள் பிழைத்தன. வியாபாரி என்னிடமே வந்தார். உன் மகள் உன்னோடு உப்புச் சுமக்க வந்தாள்.

உன் சாவுக்கு நான் வந்தபோது அவள் என் கையைப் பிடித்து அழுதாள். "எனக்குன்னு இருந்த கூட்டாளி அவ ஒருத்திதான்னு உங்களப் பத்தி அம்மா சொல்லும்."

என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்விட்டாய். அதிலும் என்னை முந்திவிட்டாய் என்று இப்போதும் எரிகிறது. அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா" என்றுதான் வந்தது.