கேள்விக்குக் கீழே எழுதிய பதில்

என்னங்க,

இன்று உங்கள் திதி. படையலுக்கு நான், நம் மகள், ஆயர் தாவாரிலிருந்து வந்த உங்கள் அக்கா, மூன்று பேர்தான் இருந்தோம். சாம்பிராணித் தட்டை வீடெங்கும் காட்டிக்கொண்டு வந்தவள், உங்கள் கணினி முன்னால் நின்றுவிட்டேன். நிற்காமல் போயிருக்கலாம்.

தொண்டையில் அறுவை முடிந்து குரல் போன பிறகு, பெர்ல் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினீர்கள். இருவருக்கும் ஒரே கோப்பு. நீங்கள் தட்டியதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டும். என் பதிலையும் அதிலேயே எழுதிக்கொள்ளும்.

“கணக்கு டீச்சரே, இன்னிக்கும் கஞ்சியா? டாக்டர் சொன்னாரா, ஒன்னோட முருகன் சொன்னாரா?”

“முருகன்தான். பேசாம குடிங்க.”

தட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்களோ சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள்.

வீட்டுக் கணக்குக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று நானாகவே பெர்ல் பழகினேன். அப்போது தட்டினீர்கள்: “படிச்சதும் ஃபைலோட கடைசிக்குப் போயி எழுது. நடுவுல எழுதினா எடம் விடாதுலா. பின்னால உள்ளத அழிச்சிட்டு அதுமேலயே உக்காந்துக்கும்.”

ஒரு நாள் கேட்டீர்கள்: “நான் போயிட்டா சிலிபின்ல இந்த வீட்டுலயே இருப்பியா?” பதில் தட்டாமல் சாமி அறையில் போய் அழுதேன். மறுநாள் மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. பிறகு எத்தனையோ முறை அந்தக் கோப்பைத் திறந்தேன். அந்தக் கேள்வி வந்ததும் மூடிவிடுவேன். அதுதான் கடைசி என்று நம்பியிருந்தேன்.

இன்று பதில் சொல்லிவிட நினைத்தேன். கேள்வி வரைக்கும் படித்து, அங்கேயே ‘இங்கேதான் இருப்பேன்’ என்று எழுதும்படி நானே நிரல் போட்டேன். கடைசிக்குப் போகச் சொல்லவில்லை. அதுதானே கடைசி?

திறந்து பார்த்தால், என் வரியை ஒட்டி உடைந்த எழுத்தாக ஒரு கறுப்புக் கட்டம். பிறகு உங்கள் ஒரு சொல்: ‘போதும்.’ நான் உள்ளே அழுதுகொண்டிருந்தபோது நீங்கள் தட்டியது. ஒருமுறைகூட நான் படிக்காதது. அதன் முன்பகுதியின் மேல் என் பதில் உட்கார்ந்துவிட்டது.

“ம்மா, வேற காப்பி இல்லியா?” என்றாள் மகள். இல்லை.

“ஒன்ன நல்லா இருன்னுதான் எழுதியிருப்பான். எந்திரி தாயி, சோறு ஆறுது,” என்றார் அக்கா.

நான் நல்லா இருந்தா போதுமா? அழுதது போதுமா? நீங்கள் இந்த உடம்போடு பட்டது போதுமா? முருகனிடம் கேட்காமல் உங்களிடமே கேட்கிறேன்.

எது போதும் என்று எழுதியிருந்தீர்கள்? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.