தோளிலிருந்து விரல்நுனி வரை

டிசம்பர் 2

பனி. கார்க் கண்ணாடியைச் சுரண்டவே இருபது நிமிடம்.

காலை முழுக்கக் கூட்டம். கோர்டன் (எங்கள் அணியின் பொது மேலாளர், என் மேலதிகாரி) அதே பாட்டை மறுபடி பாடினார்: "காப்பீடு கிடைக்கலன்னா நாலாவது வருஷம் கிடையாது. மூணாவதே சந்தேகம்." இதில் அவர் சொல்வது சரி. பேஸ்பாலில் ஒப்பந்தம் போட்டுவிட்டால், வீரர் கை உடைந்து வீட்டில் கிடந்தாலும் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். தொண்ணூறு நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் அதற்குப் பிறகு பாதிச் சம்பளத்தைக் காப்பீட்டுக் கம்பெனி ஏற்கும். பிரீமியம் கழுத்தை நெரிக்கும். ஆனாலும் பஃபலோ மாதிரி சின்ன ஊர் அணிக்கு வேறு வழியில்லை.

என் வேலை, எந்த உடம்பு எப்போது பழுதாகும் என்று கணக்குப் போடுவது. கல்லூரியில் படித்தது உலோகக் களைப்பு. விமான இறக்கை எத்தனை முறை வளைந்தால் விரிசல் விடும் என்பது. தோளும் இறக்கைதான். தேய்மானம் தேய்மானம்தான்.

நாளை எமெட் கோல்பேர்ன் வருகிறார். இடக்கைப் பந்துவீச்சாளர், வயது முப்பத்துநான்கு. பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எந்த அணியிலும் சேரலாம். நாங்கள் நான்கு வருடம் தர நினைக்கிறோம். விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவர வேண்டியது நான். இரண்டு பட்டம் வாங்கியவனுக்கு டிரைவர் வேலை.

டிசம்பர் 3

விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். எரிச்சல். கடைசியில் எமெட் வந்தார், ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் தூங்கும் குழந்தை. மகள், ஜூன், ஆறு வயது. மனைவிக்குக் காய்ச்சலாம், அதனால் இவளையும் கூட்டிவந்துவிட்டார்.

காரில் ஏறியதும் இடது கையை உதறினார். "ரெண்டு விரல் மரத்துப் போச்சு தம்பி. மோதிர விரலும் சுண்டு விரலும். இவ தூங்கிட்டா அவ்வளவுதான், அந்தக் கை என்னோடது இல்ல."

"அடிக்கடி இப்படி ஆகுமா?" என்றேன். வாய் தானாகக் கேட்டது.

"இவ தூங்கும்போதெல்லாம்," என்று சிரித்தார்.

ஜூன் விழித்ததும் முதல் கேள்வி: "இங்க பள்ளிக்கூடத்துல மீன் தொட்டி இருக்குமா?" எனக்கு எப்படித் தெரியும்? "இருக்கும்," என்றேன். "பாத்துட்டுச் சொல்றீங்களா, சும்மா சொல்றீங்களா?" என்றாள். எமெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மதியம் உப்பு ரொட்டியில் மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச். அதிலிருந்த குதிரைமுள்ளங்கித் துவையலின் காரம் மூக்கில் ஏறி ஜூனுக்குக் கண்ணில் தண்ணீர். மறுபடியும் அதையேதான் தொட்டுச் சாப்பிட்டாள். "இது இவளுக்கு மூணாவது பள்ளிக்கூடம்," என்றார் எமெட். "ஒவ்வொரு தடவையும் சிநேகிதி கிடைச்சதும் கிளம்பிடறோம். நாலு வருஷம்னு கையெழுத்தாச்சுன்னா இவ ஒரே இடத்துல நாலு வகுப்பு படிப்பா. எனக்கு அது போதும் தம்பி. உங்க கோர்டன்கிட்ட இதைச் சொல்லிடாத, விலையைக் குறைச்சுடுவாரு."

சொல்லமாட்டேன் என்றேன். அதைச் சொல்லவில்லைதான்.

டிசம்பர் 5

ஸ்கேன் வந்தது. சுத்தம். இருபத்தேழு வயதில் செய்த தோள் அறுவையின் தழும்பு, அவ்வளவே.

காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பினேன். கடைசிப் பெட்டி: 'வீரரின் உடல்நிலை பற்றி அணிக்குத் தெரிந்த வேறு விவரங்கள்.' தெரிந்ததை மறைத்தால் பாலிசியே செல்லாது. எழுதினேன்: "இடது கையின் நான்காம், ஐந்தாம் விரல்களில் அடிக்கடி உணர்விழப்பு. வீரர் நேரில் கூறியது."

குழந்தை விஷயத்தை எழுதவில்லை. பெட்டி சின்னது. அதோடு, காரணத்தை முடிவு செய்வது என் வேலை இல்லை, அறிகுறியைச் சொல்வதுதான்.

டிசம்பர் 6

கோர்டன் படிவத்தைப் படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "நல்ல காதுடா உனக்கு! டாக்டருக்குக் கிடைக்காதது கார்ல கிடைச்சிருக்கு." மூன்று வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் முறை. மத்தியானம் வரை மிதந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் மிதந்தேன்.

டிசம்பர் 10

காப்பீட்டுக் கம்பெனியின் பதில். ஒப்புக்கொள்கிறார்கள், ஒரு விலக்குடன்: "இடது கை, தோளிலிருந்து விரல்நுனி வரை, நீங்கலாக."

கோர்டன் வாய்விட்டுப் படித்தார். "அதாவது, அவன் கால் உடைஞ்சா நமக்குக் காசு. கை போனா நம்ம தலையில. ஏன்டா, அவன் காலாலயா எறியறான்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்கு வருடம் ஒரு வருடமாயிற்று. பத்து நிமிடக் கூட்டம்.

டிசம்பர் 11

எமெட்டின் ஏஜென்ட் ஷீலா ரவிச் தொலைபேசியில். ஸ்பீக்கரில் போட்டார் கோர்டன்.

"ஸ்கேன் சுத்தம்னு உங்க டாக்டரே எழுதியிருக்காரு. அப்புறம் எந்த விரல் மரத்துப் போச்சு? யாரு விரல்? யாரு சொன்னது?"

கோர்டன் என்னைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்க மருத்துவக் குழு, ஷீலா."

"மண்ணாங்கட்டிக் குழு! இன்னும் ரெண்டு அணி நாலு வருஷம் பேசிட்டு இருந்தாங்க. காலைலேருந்து ரெண்டு பேரும் போனை எடுக்கல. ஏன் தெரியுமா? அவங்களும் அதே கம்பெனிகிட்டதான் போறாங்க!"

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். பேஸ்பால் ஒப்பந்தங்களுக்குக் காப்பீடு கொடுப்பவர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒரு கோப்பில் ஏறியது எல்லாக் கோப்பிலும் ஏறும். நான் எழுதியது எங்கள் அணிக்கு மட்டும் என்றா நினைத்தேன்? நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

டிசம்பர் 12

எமெட்டிடமிருந்து குறுஞ்செய்தி: "அதை உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் தம்பி."

டிசம்பர் 13

பதில் அனுப்பவில்லை.

டிசம்பர் 15

ஞாயிறு. யாரும் இல்லாத அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைத் திறந்தேன்.

பெட்டியில் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. நான் எழுதியது ஒன்றே கால் வரி. "தூங்கும் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது" — நான்கே சொல். தாராளமாக அடங்கியிருக்கும்.

பெட்டி சின்னது என்று பத்து நாள் முன்னால் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். யாருக்காக அந்தப் பொய்? இதை வேறு யாரும் படிப்பதுகூட இல்லையே. குழந்தையைச் சேர்த்து எழுதினால் அது ஒரு கண்டுபிடிப்பாக இருக்காது, சாதாரண விஷயமாகிவிடும். கோர்டன் முதுகில் தட்டமாட்டார். இவ்வளவுதான். சீ.

டிசம்பர் 16

காப்பீட்டுக் கம்பெனியில் எங்கள் கோப்பைப் பார்ப்பது ஹாலிஸ் என்ற அம்மாள். அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார். பிறகு: "நீல், எனக்கு மூணு பிள்ளைங்க. எனக்கும்தான் மரத்துப் போகும். இதை முதல்லயே எழுதியிருந்தா நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன்."

"இப்ப திருத்தலாமா?"

"இப்ப வாய்ல சொன்னா, காரியம் ஆகணும்னு அணி கதையை மாத்துதுன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. உங்க மேலாளர் கையெழுத்தோட கடிதம் வரட்டும். சீக்கிரம் அனுப்பு. கோல்பேர்னுக்கு நேரம் ஓடுது."

கடிதத்தை அடித்துக் கோர்டன் மேஜையில் வைத்தேன். ஒரு தடவை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இப்ப அவன் ஒரு வருஷத்துக்கு வருவான். மலிவா வருவான். நீ எதுக்குடா விலையை ஏத்தறே? எந்த அணியில சம்பளம் வாங்கறே நீ?"

"ஆனா அது உண்மை இல்லையே," என்றேன்.

"நீ எழுதினதுல எந்தச் சொல் பொய்? காட்டு."

காட்ட முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் நிஜம்.

கையெழுத்து இல்லாமலே நான் அனுப்பியிருக்கலாம். என் பெயரில். கடிதம் பைக்குள் இருக்கிறது. நாளை.

டிசம்பர் 17

அனுப்பவில்லை.

டிசம்பர் 20

அனுப்பவில்லை. ஜனவரியில் பதவி உயர்வுப் பட்டியல். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை — இருக்கிறது.

டிசம்பர் 29

எமெட் மேற்குக் கரை அணி ஒன்றில் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம். செய்தியில் ஒரு பத்தி. "கை பற்றிய கவலைகள் காரணமாக" என்று அதிலும் இருக்கிறது. என் வரி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்களிடம் வரவே இல்லை. கோர்டனுக்கு ஆச்சரியம். "அவங்களைவிடக் கூடவே தர்றதா சொன்னேனேடா!"

ஜனவரி 2

என் பெயரில் கடிதத்தை அனுப்பினேன். ஹாலிஸின் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது: "கிடைத்தது. கோப்பில் சேர்க்கிறேன். பதினேழு நாள் தாமதம், நீல்."

கோர்டனிடமும் சொன்னேன். கத்தவில்லை. பதவி உயர்வு இல்லை, வேலை இருக்கிறது என்றார். கத்தியிருக்கலாம்.

மே 19

எமெட்டின் அணி இங்கே ஆட வந்திருக்கிறது. எங்கள் ஆட்களை ஏழு இன்னிங்ஸ் நிற்கவிடாமல் பந்து வீசினார். நான் மேலே கண்ணாடி அறையில், திரையைப் பார்த்துக்கொண்டு. ஆட்டம் முடிந்து பின்வழியாக நழுவலாம் என்று போனால், சுரங்கப் பாதையில் நேராக எதிரே வருகிறார், தோளில் பனிக்கட்டிக் கட்டுடன்.

"என்ன தம்பி, எப்படி இருக்கே?" சாதாரணமாகக் கேட்டார்.

"நல்லா இருக்கேன். ஜூன் எப்படி இருக்கா?"

"அவ அம்மாவோட ஓக்லஹோமாவுல. ஒரு வருஷத்துக்காக எதுக்கு இன்னொரு பள்ளிக்கூடம்னு அங்கேயே விட்டுட்டோம். மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறேன்." இடது கையை மடக்கி விரித்தார். "இப்பல்லாம் கை மரத்துப் போறதே இல்ல. அதையும் எழுதிக்கோ."

குத்திச் சொன்ன மாதிரியே இல்லை. அதனால்தான் இன்னும் உள்ளே கிடக்கிறது.

மன்னிச்சுடுங்க என்று சொல்ல வாய் திறந்தேன். "நல்லா போட்டீங்க," என்றுதான் வந்தது.

"தெரியும்," என்றார். போய்விட்டார்.

செப்டம்பர் 28

சீசன் முடிந்தது. எமெட் கோல்பேர்ன் பந்துவீச வேண்டிய தன் முறை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அந்தக் கை ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.

நவம்பர் 30

காரை நிறுத்திவிட்டு, நாங்கள் எமெட்டுக்குக் காட்டுவதாக இருந்த பள்ளிக்கூடத்துக்குள் போனேன். என்ன வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மீன் தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இருக்கிறது. வாசல் நுழைந்ததும் இடப்பக்கம்.

டிசம்பர் 4

மறுபடியும் விமான நிலையம். இந்த முறை ஒரு கேட்சர் (ஆட்டம் முழுக்கக் குந்தியிருந்து பந்து பிடிப்பவர்), ப்ரூட் ஹான்லன். மூன்று வருடம் கேட்கிறார். நல்ல மனுஷன், காரில் ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டினார்.

"அப்பாடா. இந்த முட்டி இருக்கே தம்பி, காலைல எந்திரிச்சதும்—"

"என்கிட்ட சொல்லாதீங்க," என்றேன்.

"என்ன?"

"படிவம் நிரப்பறவன் நான்தான். நீங்க சொல்றதை நான் எழுதியாகணும். டாக்டர்கிட்ட சொல்லுங்க, முழுசா சொல்லுங்க. என்கிட்ட வேண்டாம்."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மெல்லக் காலை மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

ஏரி கண்ணில் படும் வரை பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "இங்க பனி ரொம்பவோ?"

"ரொம்ப," என்றேன்.